சுவர் படித்த பாதி

அந்த அறிவிப்பு ஒற்றை மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற மூன்று மூலைகளையும் முந்தின நாள் மழை ஊறவைத்துக் கழற்றிவிட்டிருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் அந்தக் காகிதம் ஒரு தடவை சுவரைப் பார்த்தது, ஒரு தடவை என்னைப் பார்த்தது.

கொட்டச்சேடு பஸ் நிறுத்தம். விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மே மாதம் முடியப் போகிற சமயம். மழை காற்றையும் கூட்டிக்கொண்டு வந்துபோயிருந்ததால் ரோடெல்லாம் ஒடிந்த கிளை, பச்சை இலை வாசனை. என் கையில் மைதாப் பசை டப்பாவும் பிரஷும் இருந்தன. ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சூடாக ஒரு காப்பி குடிப்பது என் திட்டம்.

பசையைத் தொட்டுக் காகிதத்தின் முதுகில் தடவப் போனேன். முதுகில் எழுத்து இருந்தது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எழுத்துக்கு முன்னால் ஓர் எண் இருந்தது. அதுதான் அதிசயம்.

ஏழு.

முன்பக்கத்தில் ஆறு வரைக்கும் இருந்தது. ஆறு வரைக்கும் எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்து மலை முழுக்க எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் ஊரெல்லாம் சொன்னவன் நான்தான்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஏழாவதைப் படித்தேன். அரசாங்கத் தமிழை உதிர்த்துவிட்டுப் பார்த்தால் விஷயம் இவ்வளவுதான். வீட்டின் மேல் சாய்ந்து, விழுந்தால் ஆளைக் கொன்றுவிடும் என்கிற நிலையில் ஒரு மரம் நின்றால், அதற்கு முன் அனுமதி வேண்டியதில்லை. வனத்துறைக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு அன்றைக்கே வெட்டிக்கொள்ளலாம். எட்டாவது, காப்பித் தோட்டத்து நிழல் மரங்களில் வழக்கம்போலக் கிளை கழிக்கலாம் என்றது.

பிரஷை டப்பாவுக்குள் போட்டேன்.

செம்மநத்தத்தில் ஒரு வீட்டின் மேல் ஒரு சில்வர் ஓக் மரம் சாய்ந்து நின்றது. "தொடாதீங்க" என்று அந்த வீட்டு அக்காவிடம் நேருக்கு நேர் சொன்னவன் நான். அந்த வீட்டுக்குள் பிறந்து இருபது நாளான குழந்தை ஒன்று இருந்தது. நேற்று கொட்டச்சேட்டில் அடித்த காற்று செம்மநத்தத்தை மட்டும் சுற்றிக்கொண்டா போயிருக்கும்?

"ஏன் ஐயா, வாரா வாரம் நீங்கள் தோற்ற கதையாகவே எழுதுகிறீர்களே" என்று இந்தப் பத்தியைப் படிக்கிற ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஜெயித்த கதை ஒன்று கையில் இருந்தால் ஒளித்து வைத்துக்கொள்வேனா?

அதாவது

நான் எப்படி மலைக்குச் சட்டம் சொல்கிறவன் ஆனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்தேன். ஓய்வு பெற்றதும் என் மனைவி சரோஜா என்னை வீட்டில் வைத்துப் பார்த்தாள். பதினைந்து நாள் தாங்கினாள். பதினாறாவது நாள், "ஏனுங்க, ஊருக்கு ஏதாச்சும் நல்லது பண்ணுங்களேன், வெளிய போயி" என்றாள். அந்தக் கடைசி இரண்டு சொற்களில்தான் அழுத்தம்.

ஊராட்சி அலுவலகத்துக்கு வரும் அறிவிப்புகளைப் பஸ் நிறுத்தத்துச் சுவரில் ஒட்ட அங்கே ஆள் இல்லை. அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒட்டிவிட்டு, படித்தும் பார்த்தேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அரசாங்க அறிவிப்பின் வாக்கியம் நம் ஏற்காட்டு மலைப்பாதை மாதிரி. இருபது கொண்டை ஊசி வளைவு. வினைச்சொல் உச்சியில் உட்கார்ந்திருக்கும். அது "கூடும்" என்று உட்கார்ந்திருக்கிறதா, "கூடாது" என்று உட்கார்ந்திருக்கிறதா என்பது மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். பாதிப் பேருக்குப் பத்தாவது வளைவிலேயே தலை சுற்றிவிடும்.

அதனால் ஒவ்வோர் அறிவிப்புக்கும் கீழே அரைத் தாள் ஒன்றை ஒட்ட ஆரம்பித்தேன். நீல ஸ்கெட்ச் பேனாவில், "அதாவது" என்று தலைப்புப் போட்டு, எட்டே வரி. எட்டுக்கு மேல் ஒரு வரி கூட எழுத மாட்டேன் என்று ஒரு வீம்பு. குரங்குக்குத் தீனி போடக் கூடாது என்று இரண்டு பக்கத்துக்கு வந்த அறிவிப்பை, "குரங்குக்குத் தீனி போடாதீங்க, போட்டா அடுத்தது உங்க பை" என்று ஒற்றை வரியில் முடித்தேன். சுற்றுலா வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தலை கனத்துப்போனது.

பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என் தாளைப் போனில் படம் பிடித்து உறவுக்காரர்களுக்கு அனுப்புவார்கள். என் பெயரே "அதாவது ரைட்டர்" என்று ஆனது. ஊரில் மேலே இருக்கிற அறிவிப்பைப் படிப்பதை எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளில், உண்மையைச் சொன்னால், நானும் பாதி நிறுத்திவிட்டேன்.

மாமியாரைப் பதிய வந்தவர்

எட்டு வரியில் ஆபத்து இருக்கிறது என்று எனக்கு முன்பே ஒருவர் காட்டிக்கொடுத்தார். நான்தான் பார்க்கவில்லை.

சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு அறை விடுகிற வீடுகள் பதிவு செய்ய வேண்டும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. நான் சுருக்கினேன். சுருக்கிச் சுருக்கி, "வெளியாளை ஊட்டுல தங்க வெச்சா பதியோணும்" என்ற இடத்தில் நிறுத்தினேன். மறுவாரம் மாரமங்கலத்திலிருந்து ஒருத்தர் பஸ் ஏறி வந்தார்.

"ஏனுங்க, எங்க மாமியா வந்து மூணு மாசமாச்சுங்க. பதியோணுங்களா?"

"மாமியாரெல்லாம் கணக்குல வராதுங்க."

"நல்லாப் பாருங்க. அவங்க சேலத்துக்காரங்க. வெளியாளுதானுங்க."

"சொந்தக்காரங்களுக்குப் பதிவு கெடையாதுங்க."

"பதிஞ்சுட்டா, ஒருவேளை, இத்தன நாளுதான் தங்கலாம்னு ஏதாச்சும் ரூல்சு..." என்று நம்பிக்கையோடு இழுத்தார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். "வாடகைக்கு" என்று நான் எழுதாமல் விட்ட ஒரு சொல்லுக்காக ஒரு மனுசன் இத்தனை தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறாரே என்று மட்டும் தோன்றவில்லை.

மரம் பற்றிய அறிவிப்பு வந்தது அதற்குப் பிறகு. மலைப்பகுதியில் முன் அனுமதி இல்லாமல் மரம் வெட்டவோ, கிளை கழிக்கவோ, வேர் தோண்டவோ கூடாது, சொந்த நிலமானாலும் கூடாது, மீறினால் வழக்கு என்று ஆறு பத்திகள்.

என் வழக்கம், முதலில் ஒட்டுவது, பிறகு சுவர் முன்னால் நின்று படித்துத் தாள் எழுதுவது. பின்பக்கம் எழுத்து இருந்ததைப் பசை தடவும்போதே பார்த்தேன். எங்கள் அலுவலகத்தில் காகிதச் சிக்கனம் அதிகம், பழைய காகிதத்தின் பின்பக்கத்தில்தான் எதையும் அச்செடுப்பார்கள். ஒருமுறை கொசு ஒழிப்பு அறிவிப்புக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய விடுப்பு விண்ணப்பம் இருந்தது, வயிற்றுப்போக்கு என்று காரணத்தோடு. இதுவும் அந்த மாதிரி என்று பசையைத் தாராளமாகத் தடவி அழுத்தி ஒட்டினேன். முன்பக்க முடிவில் கையெழுத்து இல்லையே என்று கேட்டிருக்கலாம். அதிகாரிக்கு ஏதோ அவசரம் என்று நானே அவருக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆக, சட்டத்தில் பாதியை நான் படித்தேன். மீதியைச் சுவருக்குப் படிக்கக் கொடுத்தேன். "மரத்துல கை வெக்காதீங்க, கெளையையும் தொடாதீங்க, உங்க மரமானாலும் கேஸ்தான்" என்று தாள் தயாரானது.

வெள்ளையக்காவின் கேள்வி

தாள் ஒட்டிய இரண்டாம் நாள் வெள்ளையக்கா வந்தார். செம்மநத்தத்தில் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு வைத்திருக்கிறவர். வீட்டுக்காரர் காலமாகி ரொம்ப நாளாகிறது. மகள் செல்வி பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"ஏனுங்க ரைட்டரே, சாஞ்ச மரத்தையும் தொடக் கூடாதுங்களா?"

"சாஞ்சாலும் மரம் மரந்தானுங்கக்கா."

"அது எங்க ஊட்டையே பாத்துக்கிட்டு நிக்குதுங்க. ரோட்டுக்கு மண்ணு வெட்டுனதுல ஒரு பக்கத்து வேரு வெளிய வந்துருச்சு. புள்ளையும் கொழந்தையும் அந்த ரூம்புலதான் படுத்திருக்குதுங்க. மரம் வெட்டச் சடையன வரச் சொல்லி வெச்சிருந்தேன், உங்க தாளப் பாத்துட்டு வர மாட்டேங்கறான்."

"அனுமதி கேட்டு மனு எழுதித் தர்றேனுங்க. அவங்க வந்து பாக்கோணும், அளக்கோணும், மேல அனுப்போணும். அப்பறம் வெட்டிக்கலாம்."

"அது வரைக்கும் விழுகாதேன்னு மரத்துக்கு யாருங்க சொல்றது?"

சுற்றி நாலைந்து பேர் பஸ்ஸுக்கு நின்றார்கள். ஆள் கூடினால் என் வாய் சும்மா இருக்காது.

"அதுக்கும் ஒரு தாள் எழுதி மரத்துல ஒட்டிடறேனுங்கக்கா" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. மனுவை எழுதி வாங்கி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினார். ஜன்னல் வழியாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் அடித்த எத்தனையோ நகைச்சுவைகளில், திருப்பி வாங்கிக்கொள்ள வழி இருந்தால் முதலில் வாங்க வேண்டியது அதுதான்.

எரு வண்டி

தொங்கிய அறிவிப்பைக் கிழியாமல் உரித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"மூஞ்சி ஏனுங்க இப்புடி இருக்குது?" என்றாள் சரோஜா.

"பின்பக்கம் இருந்துருக்குது சரோஜா."

"எதுக்கு?"

"நோட்டீஸுக்கு."

வாங்கிப் படித்தாள். ஏழாவது வளைவில் அவள் முகமும் என் முகம் மாதிரி ஆனது. வெள்ளையக்கா போனுக்குப் போட்டுப் பார்த்தோம். தொடர்பு எல்லைக்கு வெளியே. செம்மநத்தமே எப்போதும் அந்த எல்லைக்கு வெளியேதான்.

"இன்னும் எதுக்கு நிக்கறீங்க? போங்க. செருப்ப மாத்தி மாட்டியிருக்கீங்க, பரவால்ல, அப்புடியே போங்க."

பஸ் வர நேரம் இருந்தது. எரு மூட்டை ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்று அந்தப் பக்கம் போனது. முன்னால் இடமில்லை. மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தேன்.

"கையில என்னுங்க ரைட்டரே?" என்றார் டிரைவர்.

"சட்டம்."

"நொம்ப ஈரமா இருக்குதே."

வழி நெடுகக் கிளைகள் விழுந்து கிடந்தன. இரண்டு இடத்தில் இறங்கி இழுத்துப் போட்டோம். மூன்றாவது இடத்தில் கிளை இல்லை, முழு மரமே பள்ளத்துப் பக்கம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அதற்குப் பிறகு டிரைவர் வேகத்தைக் கூட்டினார். எருவின் சூடு வேட்டி வழியாக ஏறியது. உடம்பு மட்டும் சில்லிட்டுக் கிடந்தது.

கடைசி வளைவு திரும்பினபோது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் மரம் நின்றது. அதற்குக் கீழே ஓட்டுக் கூரையும் இருந்தது. கூரையிலிருந்து அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. அந்தப் புகையைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. எரு நெடி கண்ணில் பட்டுவிட்டது என்று டிரைவரிடம் சொன்னேன்.

சடையன் என்னை நம்பவில்லை

கிட்டே போய்ப் பார்த்தால் நிம்மதி குறைந்தது. மரம் நன்றாக இறங்கியிருந்தது. வேர்ப்பக்கத்து மண்ணில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. காற்று தொட்டால் உள்ளேயிருந்து முனகல் மாதிரி ஒரு சத்தம்.

"நேத்துச் சாயங்காலம் பக்கத்து ஊட்டுக்குப் போயிட்டோமுங்க. அங்க பையனுக்கு நல்ல காச்சல். பச்சப்புள்ளைய அங்க எப்புடி வெச்சுக்கறது? காலைல திரும்பி வந்துட்டோம்" என்றார் வெள்ளையக்கா. திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"மொதல்ல அவங்கள வெளிய கூட்டியாங்க" என்றேன். செல்வி குழந்தையைத் துணியில் பொதிந்து, குடை பிடித்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

மரம் வெட்டுகிற சடையன் எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கயிறும் அரிவாளும் ரம்பமும்.

"அக்கா நொம்பக் கெஞ்சுனாங்க, வந்துட்டேன். ஆனா கத்தி வெக்க மாட்டேன்."

"வெட்டலாம் சடையா. நான் சொல்றேன்."

"நீங்க சொன்னதுதான் இங்க இருக்குதுங்களே." போனை எடுத்து என் தாளின் படத்தை என்னிடமே காட்டினார். "கெளையையும் தொடாதீங்க. கேஸ்தான்."

"அது தப்பு. நாந்தான் தப்பா எழுதிப்புட்டேன்."

"எப்புடீங்க தப்பாகும்? அழகா எட்டு வரி இருக்குது."

"நானே சொல்றேனில்ல?"

"இப்ப வாயில சொல்றீங்க. நாளைக்கு ஸ்டேசன்ல உங்க வாயா வந்து நிக்கும்? தாளுதானுங்க நிக்கும்."

நான் எழுதியதை நானே மறுக்கிறேன், ஒருத்தரும் நம்பவில்லை. இப்படி ஒரு மரியாதை எந்த எழுத்தாளனுக்குக் கிடைக்கும்? கிடைத்த இடம்தான் சரியில்லை.

கடைசியில் செல்விதான் கை நீட்டினாள். "குடுங்கய்யா, நான் படிக்கறேன்." கல்லூரி வரை போனவள். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஈரக் காகிதத்தை இரண்டு கையிலும் பிடித்து ஏழாவதை ஒரு சொல் விடாமல் படித்தாள். அத்தனை வளைவும் ஏறி, "வெட்டிக்கொள்ளலாம்" என்ற உச்சிக்கு வந்ததும் சடையன் எழுந்து நின்றார்.

"கடுதாசி குடுத்துட்டுன்னு வருதே. கடுதாசி எங்கீங்க?"

பேனா என் பையில் இருந்தது. காகிதம் இல்லை. அக்கா குழந்தையைச் செல்வியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, எதிர்வீட்டுக்குள் கையை நீட்டித் தினசரிக் காலண்டரிலிருந்து அன்றைய தேதியைக் கிழித்துக் கொடுத்தார். ராகு காலத்துக்குப் பின்பக்கம் நுணுக்கி நுணுக்கி எழுதினேன். மரம் இது, வீடு இது, இன்றைக்கே வெட்டுகிறோம். அக்கா கையெழுத்துப் போட்டார். ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் நின்றால் போனுக்கு இரண்டு கோடு கிடைக்கும். மூச்சிரைக்க ஏறி, இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வனக்காப்பாளருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"வெட்டுங்க, வெட்டுங்க, நான் மத்தியானம் வந்து பாக்கறேன். அதான் நோட்டீஸ்லயே போட்டிருக்குதேங்க. பத்து நாளா மலை முழுக்க ஒருத்தரும் நிழல் மரம் கழிக்கக் காணோம், என்னாச்சு இந்த ஊருக்குன்னு நாங்களே மண்டைய ஒடச்சுட்டிருக்கறோம். உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா?"

"சிக்னல் சரியில்லீங்க" என்று வைத்துவிட்டேன்.

கயிறு

இனி எல்லாம் வேகமாக நடக்கும் என்று நினைத்தேன். அக்கா மரத்தடியில் போய் நின்றுகொண்டார்.

"மொளகுக் கொடிய அறுத்துப்புடாத சடையா. போன வருசந்தான் நல்லாக் காய்ச்சுது."

"அக்கா, மரம் தலை மேல நிக்குது!"

"நிக்கட்டும். பத்து நாளா நின்னுச்சுல்ல?" என்று சொல்லி ஒரு பார்வை. அது சடையனுக்கான பார்வை இல்லை.

கொடியைப் பிரித்து, சுருட்டி, என் கழுத்தில் மாலையாகப் போட்டார்கள். பிறகு சடையன் ஏறினார். உச்சிக் கிளைகளை ஒவ்வொன்றாகக் கழித்துப் பாரத்தைக் குறைத்தார். நடு மரத்தில் கயிறு கட்டி இறங்கினார். ரோட்டோர மேட்டிலிருந்த பலா மரத்தைச் சுற்றிக் கயிற்றைக் கொண்டுவந்து ஊர்க்காரர்களும் நானுமாக எட்டுப் பேர் பிடித்தோம். கடைசி ஆள் நான். எஸ்டேட்டில் என்னை யாரும் பேனாவை விடக் கனமான எதையும் தூக்க விட்டதில்லை. அது எனக்கும் கயிற்றுக்கும் ஒரே சமயத்தில் தெரிந்துபோனது.

ரம்பம் பாதி ஓடியதும் மரம் ஒரு முறை அசைந்தது. வீட்டுப் பக்கமாக.

"இழு! இழு! உடாத!"

உள்ளங்கை எரிந்தது. செருப்பு ஒன்று சேற்றில் போனது. யாரோ முருகா என்றார்கள், யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். நான் இரண்டையும் சொன்னேன். மரம் ஒரு கணம் முடிவெடுக்க முடியாமல் நின்றது. பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, எங்கள் பக்கம் திரும்பி, ரோட்டுப் பள்ளத்தில் நீளமாகப் போய் விழுந்தது. தரை அதிர்ந்தது. கூரை ஓரத்திலிருந்து மூன்று ஓடுகள் சரிந்து உடைந்தன. மூன்றே மூன்று.

நான் மல்லாந்து சேற்றில் கிடந்தேன். எருவோடு சேறும் சேர்ந்ததால் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் குழந்தை சின்னதாக ஒரு தும்மல் போட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

மறுநாள் சுவரில் பத்தொன்பது வரியில் ஒரு திருத்தம் ஒட்டினேன், முதல் வரியிலேயே என் தப்பைப் போட்டு. இரண்டு நாளில் மலை முழுக்க அரிவாள் சத்தம் கேட்டது. ஆனால் அன்றைக்கு அதையெல்லாம் யோசிக்கத் தெம்பில்லை. படுத்த இடத்திலிருந்தே வானத்தைப் பார்த்தேன். தூறல் நின்று, வெயில் வந்திருந்தது.

அக்கா உள்ளே போய் ஓட்டுத் தூளைப் பெருக்கும் சத்தம் கேட்டது. சத்தம் நின்றது.

"ரைட்டரே, இங்க வாங்க."

திட்டு வாங்கும் வேளை வந்துவிட்டது என்று எழுந்து போனேன். வாசலில் ஒரு செருப்போடு, கழுத்தில் கொடியோடு நின்றேன். செல்வி குழந்தையைப் பாயில் விட்டிருந்தாள். ஜன்னல் வழியாக வெயில் சதுரமாக வந்து பாய் மேல் விழுந்து கிடந்தது. குழந்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பியது.

"இந்த ஊடு கட்டுன நாள்ல இருந்து இந்த ரூம்புக்குள்ள வெயில் வந்ததே இல்லீங்க" என்றார் அக்கா, விளக்குமாறும் கையுமாக. "இப்ப நேராக் கொழந்த கண்ணுலயே அடிக்குது. இதுக்கு என்னுங்க பண்றது?"

யோசித்துப் பேச வேண்டும் என்று அன்று காலையிலிருந்து நூறு தடவை சபதம் எடுத்திருந்தேன்.

"ஒரு மரம் வெச்சுருங்கக்கா" என்றேன்.

செல்விதான் முதலில் வெடித்தாள். பிறகு வாசலில் சடையன். அக்கா உதட்டை இறுக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரிப்பில் தோள் குலுங்கக் குலுங்க விளக்குமாற்றை ஓங்கினார். நான் ஓடினேன்.

சிரிப்பில் அக்காவின் கை அத்தனை ஆடியும், எறிந்த விளக்குமாறு குறி தப்பவில்லை.